சண்டுக் குன்றும் ஐந்து மணிச் சரமும்



சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தின் தென்பகுதியில் ஒரு குன்று உண்டு. பெயர் புக்கிட் சண்டு. 'சண்டு' என்றால் காய்ச்சிப் பக்குவப்படுத்திய அபின். குன்றின் அடிவாரத்தில், பீப்ஸ் சாலையில், போருக்கு முன் அரசாங்கச் சண்டு ஆலை இருந்ததால் வந்த பெயர் அது. ஆம், அரசாங்கமேதான் நடத்தியது! 1910இல் பிரிட்டிஷ் ஆட்சி, குத்தகைக்காரர்களிடமிருந்து அபின் வியாபாரத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. நம் தோட்டங்களில் கள்ளுக்கடை எப்படியோ, சீனக் கூலிகளுக்குச் சண்டுக்கடை அப்படி. மூட்டை சுமந்த முதுகின் வலிக்கு அதுவே மருந்து. அன்றையக் கூலியை விழுங்கியதும் அதுவே. அபினுக்கு அடிமையானோரை மீட்க மருத்துவர் சென் சூ லான் 1933இல் ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார். முழுத் தடை வந்ததோ போருக்குப் பின், 1946இல்தான்.

அபினுக்கு இந்த வல்லமை எங்கிருந்து வந்தது? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர் பன்றி மூளையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அபின் செய்யும் வேலையை அதுவும் செய்தது. என்கெஃபலின் என்று பெயரிட்டார்கள். ஐந்து அமினோ அமிலங்களைக் கோத்த சிறு மணிச்சரம் அது. நம் மூளையிலும் சுரக்கிறது.

அப்படியானால் அதையே ஊசியில் ஏற்றலாமே? ஏற்றிப் பயனில்லை. இரத்தத்திலுள்ள நொதிகள் முதல் மணியை அறுத்துவிடும். சில நிமிடங்களில் சரம் சிதறிப் போகும்.

1976இல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். இரண்டாவது மணியை எடுத்துவிட்டு, அலனைன் என்னும் அமினோ அமிலத்தின் கண்ணாடிப் பிம்ப வடிவத்தைக் கோத்தார்கள். வலது காலுக்குத் தைத்த செருப்பு இடது காலில் ஏறுமா? நொதியின் பிடிக்கும் அந்தச் சரம் எளிதில் அகப்படவில்லை. வலி தணிந்திருக்கும் நேரம் நீண்டது. ஆனால் மூளை சுரப்பதாயிற்றே, அடிமைப்படுத்தாது என்ற நம்பிக்கை நிலைக்கவில்லை. இந்தச் சரங்களைத் தொடர்ந்து பெற்ற எலிகள், அபினுக்குப் பழகியவை போலவே அதை விடமுடியாமல் தவித்தன. பழைய சண்டுக்கடையின் வாசலுக்கே திரும்பி வந்துவிட்டோமோ என்று நமக்குத் தோன்றுகிறது.

பிறகு எண்ணம் வேறு திசையில் சென்றது. மூளைக்குள் புகாமல் உடம்பில் மட்டும் வேலை செய்யும் சரம் வேண்டும். 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டைஃபெலிகெஃபாலின் அத்தகையது. அதன் நான்கு மணிகளும் கண்ணாடிப் பிம்பங்களே; மூளைக்குள் மிகக் குறைவாகவே புகும். சிறுநீரகம் பழுதாகி, இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ளும் நோயாளிகளின் தாங்கமுடியாத அரிப்புக்கு, அந்தச் சிகிச்சை முடியும் வேளையில் இதைச் செலுத்துகிறார்கள்.