ஏசி நாற்றத்தின் சரித்திரம்: மூக்கை எப்போது நம்பலாம்?

போன மார்ச் மாதம். நான்கு மாதம் சும்மா கிடந்த படுக்கையறை ஏசியைப் போட்டதும் அழுக்கு சாக்ஸ் நாற்றம் அடித்தது. அந்த அறையில் படுப்பது அம்மா. கொஞ்சம் வீசிங் உள்ளவர். "ஈரத் துணிய எங்கயாவது அமுக்கி வச்சிருக்கியாடா?" என்று கேட்டார். சர்வீஸுக்கு வந்தவர் இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, "கேஸ் லீக் சார், அதான் ஸ்மெல்லு" என்றார். கேஸ் நிரப்பினார், காசு வாங்கினார், போயிட்டார். இரண்டே வாரத்தில் அதே நாற்றம்.

மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பழகிப்போன விஷயம். சரிசெய்துவிட்டோம் என்று சொன்ன பிறகும் அதே பிழை திரும்பி வந்தால், நாம் சரிசெய்தது வேறு எதையோ. ஏசி கேஸுக்கு உண்மையிலேயே நாற்றம் உண்டா என்று தேட ஆரம்பித்தேன். உண்டு, ஒரு காலத்தில் பயங்கரமாகவே இருந்தது. அது எப்படி இல்லாமல் போனது என்பது ஒரு தனிக் கதை. அந்தக் கதை கேஸ் வருவதற்கு முன்பே, ஒரு டாக்டரிடம் ஆரம்பிக்கிறது.

நாற்றம்தான் நோய் என்று நம்பிய டாக்டர்

1840களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், அப்பலாச்சிகோலா என்ற துறைமுக ஊரில் ஜான் கோரி என்ற மருத்துவர் இருந்தார். ஊரைச் சுற்றிச் சதுப்பு நிலம். மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் மாறி மாறி வரும். அழுகலிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் பொருள்.

காற்றைக் குளிர்வித்தால் நோயாளி பிழைப்பார் என்று கோரி நினைத்தார். கூரையருகே ஒரு பாத்திரத்தில் ஐஸ் கட்டியைத் தொங்கவிட்டார். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். நோயாளிக்கு இதமாக இருந்தது. ஆனால் ஐஸ், வடக்கே உறைந்த ஏரிகளிலிருந்து கப்பலில் வர வேண்டும். (இதே ஐஸ் வியாபாரம்தான் பாஸ்டனிலிருந்து மெட்ராஸ் வரை நீண்டது. மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்தை இன்றும் ஐஸ் ஹவுஸ் என்கிறோமே, அந்த ஐஸ்.) கப்பலை நம்பிக் காத்திருக்க முடியாமல், காற்றை அழுத்தி விரியவிட்டு ஐஸ் செய்யும் இயந்திரத்தைக் கோரியே உருவாக்கினார். 1851 மே 6 அன்று காப்புரிமையும் கிடைத்தது. முதலீடு கிடைக்கவில்லை. 1855இல் இறந்துபோனார்.

1897இல் ரொனால்ட் ராஸ், செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்தார். கோரியின் இயந்திரம் வேலை செய்தது, கோட்பாடுதான் தப்பு. நாற்றத்தையும் நோயையும் அவர் ஒன்றாக்கிக்கொண்டார். இந்தக் குழப்பம் பிறகும் வரும்.

நாற்றம் உயிர் காத்த காலம்

அடுத்த தலைமுறை இயந்திரங்களில் குளிர்விக்கும் பொருளாக அமோனியா வந்தது. 1870களில் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே இதை வெற்றிகரமாகச் செய்துகாட்டினார். அமோனியாவின் நெடி எல்லோருக்கும் தெரியும். விஷம்தான், ஆனால் கசிந்தால் ஆபத்தான அளவை எட்டுவதற்கு வெகு முன்பே மூக்கு கத்திவிடும். எழுந்து ஓடலாம். 1920களில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளுக்குள் கந்தக டையாக்சைடு புகுந்தது. அதுவும் அப்படித்தான். தீக்குச்சி கிழிக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த நெடி.

மூன்றாவது ஆள் மெதில் குளோரைடு. லேசான இனிப்பு வாசனை, அதுவும் சுலபமாகத் தெரியாது. தூங்கும்போது கசிந்தால் தூக்கம் கலையாது. 1920களின் கடைசியில் சிகாகோவில் வீட்டுக் குளிர்பெட்டிகளிலிருந்து இது கசிந்து பலர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு கண்ணையும் மூக்கையும் எரிக்கும் அக்ரோலின் என்ற ரசாயனத்தை இதில் கொஞ்சம் கலந்தார்கள். ஆபத்துக்கு வாசனை இல்லாததால், வேண்டுமென்றே நெடி சேர்த்தார்கள். இன்று சமையல் எரிவாயுவில் நாம் செய்வதும் இதுதான்.

பெர்லினில் ஒரு குடும்பம் குளிர்பெட்டிக் கசிவில் இறந்த செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைன், நண்பர் லியோ சிலார்டுடன் சேர்ந்து, நகரும் பாகமே இல்லாத குளிர்பெட்டியை வடிவமைக்க உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். 1930இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதே வருடம் போட்டியை வேறொருவர் முடித்துவைத்தார்.

தாமஸ் மிட்ஜ்லி. பெட்ரோலில் ஈயம் கலந்த அதே ஆள். 1930இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில், தன் குழு கண்டுபிடித்த புது வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமில்லை, தீப்பிடிக்காது என்று ஒரே மூச்சில் நிரூபணம். பிற்பாடு ஃப்ரியான் என்று விற்கப்பட்ட அந்த வாயுவுக்குக் கிட்டத்தட்ட மணமே கிடையாது. அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. பிறகு கேஸ்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் ஆர்-22, ஆர்-410ஏ, இப்போதைய ஆர்-32 எதுவும் சாக்ஸ் மாதிரி நாறாது.

ஆக, என் வீட்டுக்கு வந்தவர் சொன்னது தப்பு. கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருளும் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதன் அடையாளம் குளிர் குறைவதும், காயிலில் ஐஸ் படிவதும். நாற்றம் இல்லை.

அப்படியானால் நாறுவது எது?

இதற்கு 1902க்குத் திரும்ப வேண்டும். நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம். வண்ணப் படத்துக்கு ஒரே தாளை ஒவ்வொரு நிறமாகப் பலமுறை அச்சடிக்க வேண்டும். கோடைக் காற்றின் ஈரத்தில் தாள் ஊதும், காய்ந்தால் சுருங்கும், நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராது. (வறண்ட சிவகாசியில் அச்சுத்தொழில் செழித்ததற்கு இதே காரணத்தைத் தலைகீழாகச் சொல்வார்கள்.) 25 வயது பொறியாளர் வில்லிஸ் கேரியர் இதற்கு ஒரு தீர்வு வரைந்தார். ஜூலை 17 தேதியிட்ட அந்த வரைபடத்தைத்தான் நவீன ஏசியின் பிறப்புச் சான்றிதழ் என்பார்கள். மனிதனுக்குக் குளிர் தருவது அதன் நோக்கமே இல்லை. காற்றிலிருந்து தண்ணீரைப் பிடுங்குவதுதான் வேலை.

இன்றும் நம் ஏசி செய்வது அதைத்தான். 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 24 டிகிரிக்குக் கீழே எதைத் தொட்டாலும் வியர்க்கும். ஏசியின் காயில் அதைவிட ரொம்பவே குளிர்ச்சி. சென்னை மாதிரி ஊரில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரைச் சாதாரணமாக வடித்துவிடும். அந்த ஈரக் காயிலில் நம் தோல் செதில், துணிப் பஞ்சு, தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய்ப் புகை எல்லாம் ஒட்டும். இருட்டு, ஈரம், சாப்பாடு. பாக்டீரியாவும் பூஞ்சையும் வேறென்ன கேட்கும்? அவை வெளிவிடும் வாயுக்கள்தான் நம் மூக்குக்கு வருகின்றன. இதற்கு அமெரிக்க மெக்கானிக்குகள் வைத்த பெயரே 'அழுக்கு சாக்ஸ் நோய்'. சாக்ஸ் நாறுவதும் வியர்வையில் பாக்டீரியா வேலை செய்வதால்தான்.

மண் வாடை வந்தால் அதில் பெரும்பாலும் ஜியோஸ்மின் இருக்கும். முதல் மழையில் வரும் மண்வாசனையில் இருப்பதும் அதே பொருள். மொட்டைமாடியில் நின்று ரசிப்பதை மூடிய அறையில் நாற்றம் என்கிறோம்.

அழுகிய முட்டை வாடை என்றால் காயிலை விட்டுவிட்டு வடிகால் குழாயைப் பாருங்கள். பல வீடுகளில் அதைப் பாத்ரூம் சாக்கடைக் குழாயில் சொருகிவிடுகிறார்கள். சாக்கடை வாயுவைத் தடுக்க, வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைக்கும் உத்தி பழசு. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775இலேயே லண்டனில் கழிப்பறைக்காகக் காப்புரிமை வாங்கிவிட்டார். அந்த வளைவே இல்லாவிட்டாலும், ஏசி ஓடாத மாதங்களில் அதிலுள்ள தண்ணீர் வற்றிவிட்டாலும், சாக்கடைக் காற்று நேராகப் படுக்கையறைக்கு வரும்.

நாறாமல் கொன்றது

1976 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு நடந்தது. வீடு திரும்பியவர்களுக்கு நிமோனியா. ஹோட்டலுக்கு வந்துபோனவர்களையும் சேர்த்து 221 பேர் படுத்தார்கள், 34 பேர் இறந்தார்கள். 1977 ஜனவரியில் ஜோசஃப் மெக்டேடும் சார்லஸ் ஷெப்பர்டும் காரணமான பாக்டீரியாவை அடையாளம் கண்டார்கள். லீஜியனெல்லா என்று பெயர் வைத்தார்கள். ஹோட்டல் ஏசியின் குளிர்விப்புக் கோபுரத்துத் தண்ணீரில் அது வளர்ந்து, நுண்துளியாகப் பரவியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. எந்த நாற்றமும் எச்சரிக்கவில்லை.

பயப்பட வேண்டாம். வீட்டு ஸ்பிளிட் ஏசியில் அந்த மாதிரிக் கோபுரம் கிடையாது. நான் சொல்ல வருவது இதுதான்: கோரி நினைத்த மாதிரி நாற்றம் நோயும் இல்லை, நாற்றம் இல்லாதது சுத்தமும் இல்லை. மூக்கு ஒரு நல்ல அலாரம், மோசமான மருத்துவர். அலாரம் அடித்தால் ரூம் ஸ்பிரே அடித்து அதன் வாயை மூடுவது, எரர் மெசேஜை மட்டும் அழித்துவிட்டுப் பிழையை விட்டுவைக்கிற மாதிரி.

சாக்ஸ், மண் வாடை என்றால் காயில், உருளை மாதிரி சுற்றும் புளோயர், தண்ணீர்த் தட்டு மூன்றையும் கழற்றிக் கழுவ வேண்டும். வெறும் ஃபில்டரைத் தட்டிப் போட்டால் போதாது. முட்டை வாடை என்றால் பிளம்பர். செத்த வாடை என்றால் உள்ளே பல்லியோ எலியோ இருக்கும். கருகல் வாடை என்றால் ஒன்றும் யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் மூக்கை அப்படியே நம்பலாம். அம்மாவைப் போல வீசிங் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் பூஞ்சை நாற்றத்தையும் தள்ளிப்போட வேண்டாம். அது மூச்சிரைப்பைத் தூண்டலாம்.

எங்கள் வீட்டில் இரண்டாவதாக வந்தவர் கேஸைத் தொடவே இல்லை. புளோயரைக் கழற்றி பக்கெட்டில் முக்கினார். தண்ணீர் ஃபில்டர் காபி டிக்காஷன் நிறத்துக்கு வந்தது. இப்போது அம்மா ஏசியை நிறுத்துவதற்கு முன் கால் மணி நேரம் வெறும் ஃபேன் மோடில் ஓட விடுகிறார். காயில் காய்ந்துவிடுகிறது. நாற்றம் இன்னும் திரும்பவில்லை.

அடுத்த தடவை யாராவது முகர்ந்து பார்த்துவிட்டு "கேஸ் லீக்" என்று சொன்னால், பணம் எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஓட்டை எங்க இருக்கு, காட்டுங்க."