இரவை மூடிய ஆணைகள்: சாமராஜநகரின் காட்டுச் சாலைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, சாமராஜநகர் மாவட்டத்தின் பந்திப்பூர் அவற்றுள் இடம்பெறவில்லை. எனினும், 1986இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு பகுதி அது. 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களுள் ஒன்று. அக்காட்டை ஊடறுக்கும் நெடுஞ்சாலைகளில் இரவு வாகனங்களில் விலங்குகள் அடிபட்டு மடிவதை இத்தகுதிகள் தடுக்கவில்லை.

2009 ஜூன் 3 அன்று சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம், குண்டலுப்பேட்டையிலிருந்து கோழிக்கோட்டுக்கும் உதகைக்கும் செல்லும் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தைத் தடைசெய்தது. எதிர்ப்பு எழவே, சில நாட்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. பொதுநல வழக்கொன்றில் கர்நாடக உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணையின் மூலம் தடையை மீட்டது. 2010 மார்ச்சில் இறுதித் தீர்ப்பால் அதனை உறுதிசெய்தது. கேரளம் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

இதே வரலாறு சத்தியமங்கலத்தையும் சாமராஜநகரையும் இணைக்கும் திம்பம் மலைப்பாதையில் மீண்டும் நிகழ்ந்தது. ஈரோடு மாவட்ட ஆட்சியர் 2019இல் பிறப்பித்த இரவுத் தடை ஏட்டளவிலேயே நின்றது. சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே 2022 பிப்ரவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது.

இரு நிகழ்வுகளிலும் சட்டம் முன்னரே இருந்தது. அதிகாரியின் ஆணையும் இருந்தது. எதிர்ப்பின் முன் நிலைத்து நிற்கும் வலிமையை மட்டுமே நீதிமன்றம் அளித்தது.

ஆனால் அவ்வலிமையின் விலையைச் செலுத்தியவர்கள் காட்டின் ஓரத்து மக்கள். சுல்தான் பத்தேரியில் 2019இல் உண்ணாநிலைப் போராட்டம் நடந்தது. தாளவாடி விவசாயிகள் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்வது எவ்வாறு எனக் கேட்டனர். பந்திப்பூரில் ஆம்புலன்சுகளுக்கும் சில அரசுப் பேருந்துகளுக்கும், திம்பத்தில் உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. இவ்விலக்குகளைத் தடையின் தோல்வியாகக் கருதுவது பிழை. காட்டோரத்து மக்களின் வாழ்வைக் கணக்கில் கொண்டதாலேயே தடை நிலைக்கிறது. அவர்களைப் புறக்கணித்த தடை, முதல் எதிர்ப்பிலேயே வீழும்.