கடவையை நடத்துபவர்கள்: ஆறு கடக்கும் போரில் பொறியாளர், இராணுவக் காவலர், புகைப் பிரிவு

தரைப்படைகளின் அமைப்பை விளக்கும் நூல்கள் பெரும்பாலும் ஒரே படிநிலையைத்தான் தருகின்றன. காலாட்படையும் கவசப்படையும் போரிடுபவை. பொறியாளர்கள், இராணுவக் காவலர்கள், வேதித் தற்காப்புப் பிரிவினர் அவற்றுக்குத் துணை நிற்பவர்கள். போர் வரலாறுகளும் இந்த வரிசையையே பின்பற்றுகின்றன. குன்றைப் பிடித்தவரின் பெயர் உள்ளே வரும். அந்தக் குன்றுக்குப் பீரங்கி வண்டி போகப் பாதை போட்டவர் பின்னிணைப்பில் கிடப்பார். நிலப்போரின் மிகக் கடினமான செயல்களில் ஒன்றான ஆறு கடத்தலில் இந்தப் படிநிலை உண்மையை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே இம்மூன்று பிரிவினரின் வேலையும் ஒரே அளவைத்தான் தீர்மானிக்கிறது: எதிரியின் குண்டுக்கு இரையாகாமல் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் அக்கரை சேர்கின்றன என்பதை. கடவைகள் தோற்கும்போது, பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒரு பிரிவின் திறமைக் குறையால் தோற்பதில்லை. மூன்றும் சந்திக்கும் இடம் எவர் பொறுப்பிலும் இல்லாததால் தோற்கின்றன.

1944 செப்டம்பரில் மெட்ஸ் நகருக்குத் தெற்கே மோசெல் ஆற்றில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அமெரிக்கத் தளபதி பாட்டனின் மூன்றாம் படையைச் சேர்ந்த 5-ஆம் காலாட்படை டிவிஷன் செப்டம்பர் 8 அன்று டோர்னோ என்ற சிற்றூரின் அருகே ஆற்றைக் கடந்தது. ஊருக்கு இறங்கும் சாலை குறுகலானது, செங்குத்தானது. 5-ஆம் டிவிஷனின் ஆட்களும் 7-ஆம் கவச டிவிஷனின் ஆட்களும் அந்த ஒரே வழியில் வந்து முட்டிக்கொண்டனர். எந்த அணி முன்னால் போவது, எது ஒதுங்கி நிற்பது என்று அதிகாரத்துடன் சொல்ல ஆளில்லை. மேற்குக் கரையில், கடவைக்கு வடக்கே, டிரியான் கோட்டை உயரத்தில் இருந்தது. 1871-க்குப் பின் ஜெர்மனி லொரெய்னைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட காலத்தில் கட்டிய கோட்டை அது. அதன் பீரங்கிகளுக்கு ஆற்றங்கரை முழுவதும் கண்ணெதிரே கிடந்தது. படகில் அக்கரை சேர்ந்த காலாட்படையினர் குதிரைலாட வடிவிலான ஒரு தோப்பில் நிலைகொண்டு, அடுக்கடுக்கான எதிர்த்தாக்குதல்களை இரண்டு நாட்களுக்கு மேல் தாங்கினர். அவர்களுக்குப் பின்னால் பாலம் எழவே இல்லை. எனவே டாங்கிகள் வரவில்லை. செப்டம்பர் 10 இரவு எஞ்சியவர்கள் படகிலும் நீந்தியும் திரும்பினர். அவர்கள் காட்டிய துணிவில் எந்தக் குறையும் இல்லை. பாலமுனையைக் காப்பது காலாட்படையே, மற்றவை துணையே என்று வாதிடுவோர் டோர்னோவைப் படிக்க வேண்டும். மனித வலிமை செய்யக்கூடிய அனைத்தையும் அங்கே காலாட்படை செய்தது. கடவை இல்லாததால் அது வீணாயிற்று.

அதே 10-ஆம் தேதி விடியலுக்கு முன் 10-ஆம் காலாட்படை ரெஜிமென்ட் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி ஆர்னாவில்லில் கடந்தது. இம்முறை புகைத்திரை திட்டத்திலேயே இருந்தது. 84-ஆம் புகை இயந்திரக் கம்பெனியிடம் இருந்த கருவிகள் எண்ணெயையும் நீரையும் சூடாக்கி ஆவியாக வெளியே தள்ளுபவை; அந்த ஆவி குளிர்காற்றில் பட்டதும் அடர்ந்த வெண்மூட்டமாகும். நச்சுவாயுவை எதிர்கொள்வதற்காக உருவான வேதிப் படைப்பிரிவுக்கு, வாயு பயன்படுத்தப்படாத ஐரோப்பியக் களத்தில் கிடைத்த முக்கியமான வேலைகளில் ஒன்று இது. ஆனால் இந்தக் கம்பெனி அதுவரை பெரும்பாலும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தது. நார்மண்டியிலிருந்து முன்னணிக்குப் பெட்ரோலும் குண்டும் ஏற்றிச் சென்ற ரெட் பால் சரக்குத் தொடரில் அதன் ஆட்கள் பணியாற்றியிருந்தனர். குண்டு விழும் ஆற்றங்கரை அவர்களுக்குப் புதிது. காலையில் எழுந்த திரை சில மணி நேரம் நின்றது. பிறகு காற்று திசை மாறியது, இயந்திரங்களின் மேல் குண்டுகள் விழுந்தன, ஆட்கள் இடத்தை விட்டு விலகினர். திரை விலகியதும் ஆற்றோரம் பாலச் சாமான் இறக்கிக்கொண்டிருந்த பொறியாளர்கள் டிரியானின் பார்வையில் பட்டனர்.

இந்த நிகழ்ச்சியைப் புகைப் பிரிவின் கோழைத்தனமாகச் சொல்லிவிட்டு நகர்வது எளிது; அது நியாயமாகாது. அதே ஆட்கள் திரும்பி வந்து, இடங்களை மாற்றி அமைத்து, தொடர்ந்து புகையிட்டார்கள். காற்று எப்படி மாறினாலும் ஒரு பக்கத்திலிருந்தாவது திரை கடவையின் மேல் படர வேண்டும் என்பது அந்த முதல் நாளில் அவர்கள் கற்ற பாடம். வேலையை நிறுத்தலாமா, எப்போது நிறுத்தலாம், காற்று மாறினால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பதில், பாலம் கட்டுபவனையும் புகையிடுபவனையும் ஒரே கட்டளைக்குள் வைக்கும் ஒருவரிடமிருந்தே வர முடியும். மோசெலின் ஓரமாகவே ஒரு கால்வாயும் ஓடியதால் ஒன்றுக்கு மேற்பட்ட நீர்நிலைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. செப்டம்பர் 12 அன்று பாலம் திறந்தது. டாங்கிகள் அக்கரை சேர்ந்தன. அந்த வெற்றியில் பீரங்கிப் படைக்கும் விமானங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. புகை மட்டுமே வென்றது என்று நான் சொல்லவில்லை. டிரியான் கோட்டையோ டிசம்பர் வரை விழவில்லை. அதாவது, அதன் பீரங்கிகள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் கண்ணை மறைத்துக் கடவை நடந்தது.

1945 மார்ச் 7 அன்று ரேமாகெனில் நிலைமை வேறு. ரைனின் மேல் லூடன்டார்ஃப் ரயில் பாலம் நின்றுகொண்டிருந்தது. தகர்க்கும் பொறுப்பிலிருந்த ஜெர்மன் பொறியாளர் கேப்டன் கார்ல் ஃப்ரீசன்ஹான் 600 கிலோ வெடிமருந்து கேட்டிருந்தார். வந்தது 300 கிலோ, அதுவும் வலுக்குறைந்த தொழிற்சாலை வகை. முதன்மை மின்சுற்று இயங்கவில்லை. அவசர வெடிப்பில் பாலம் சற்றே மேலெழுந்து அதே இடத்தில் அமர்ந்தது. அமெரிக்கரான கார்ல் டிம்மர்மனின் கம்பெனி ஓடிக் கடந்தபோது, பொறியாளர் லெஃப்டினன்ட் ஹியூ மாட் இரண்டு சார்ஜெண்டுகளுடன் கூடவே ஓடி வெடிகளின் கம்பிகளை வெட்டினார். எழுதப்பட்ட வரலாறும் எடுக்கப்பட்ட திரைப்படமும் இந்தக் காட்சியில்தான் நிற்கின்றன.

எனக்கு அந்த இரவு முக்கியமானது. பொறியாளர்கள் பலகை அடித்துப் பாலத்தை ஒக்கிட்ட பின், நள்ளிரவு வாக்கில் 9 ஷெர்மன் டாங்கிகள் மெல்லக் கடந்தன. அடுத்து வந்த டாங்கி எதிர்ப்பு வண்டி ஒன்று, ஒட்டுப்போட்ட ஓட்டைக்குள் ஒரு பக்கமாக இறங்கிச் சிக்கியது. விடியும் வரை அதை இழுத்தெடுக்க முடியவில்லை. வழிநெடுக வண்டிகள் இருட்டில் நின்றன. உலகமே பேசிய அந்தப் பாலத்தின் வழியாகப் பல மணி நேரம் ஒரு வண்டிகூட அக்கரை போகவில்லை. எத்தனை டன் வண்டி, எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் என்பது சிக்கிய அந்த வண்டி எழுப்பிய கேள்வி. ஆகவேதான் பாலத்துக்கும் ஊர்திக்கும் தனித்தனியே வகை எண் இடுகிறார்கள். ஊர்தியின் எண் பாலத்தின் எண்ணைத் தாண்டினால் காவலர் அதைத் திருப்பி அனுப்புவார். (நம் நெடுஞ்சாலைப் பாலங்களை வடிவமைப்போர் பயன்படுத்தும் 70ஆர் சுமை வகுப்பும் இந்தப் படைத்துறை வகைப்பாட்டின் வழி வந்ததே.) எண்ணைக் கணக்கிடுவது பொறியாளர். மழையில், இருட்டில், தன்னைவிடப் பல படி உயர்ந்த அதிகாரி ஜீப்பிலிருந்து கத்தும்போது அதை நிறைவேற்றுவது சந்தியில் நிற்கும் இராணுவக் காவலர். இருவரில் ஒருவர் இல்லையென்றால் அது தகட்டில் எழுதிய வெறும் எண்.

முதல் 24 மணி நேரத்தில் சுமார் 8,000 பேர் ரைனைக் கடந்தனர். 291-ஆம் பொறியாளர் பட்டாலியன் குண்டு மழைக்கு நடுவே 1,032 அடி மிதவைப் பாலத்தை 32 மணி நேரத்தில் முடித்தது. 51-ஆம் பட்டாலியன் இன்னொன்றை மார்ச் 11 இரவு திறந்தது. அவை சுமை தாங்கியதால் பழைய பாலத்தைப் பழுதுபார்க்க மூட முடிந்தது. மார்ச் 17 பிற்பகல் அது சரிந்து விழுந்தபோது அதன் மேல் இருந்தவர்கள் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 28 பேர் இறந்தனர். பாலமுனைக்கு எந்தக் கேடும் வரவில்லை. தங்கள் மரணம் போரின் போக்கைப் பாதிக்காத அளவுக்குத் தங்கள் வேலையை முன்பே முடித்திருந்தது அவர்களது பிரிவு. துணைப்படை என்ற சொல்லுக்குள் இவர்களை அடக்க என் மனம் ஒப்பவில்லை. அதே நாளில் மூன்றாம் கோரின் தளபதி ஜான் மில்லிகின் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். முதலாம் படைத் தளபதி ஹாட்ஜஸ் அவர்மேல் கூறிய குறைகளில் ஒன்று, பாலத்தின் இரு கரைகளிலும் கட்டுப்பாடு போதவில்லை என்பது.

ஒருங்கிணைப்பு இல்லாத இடத்தில் ஒரு பிரிவின் திறமையே மற்றொன்றுக்கு இடராகவும் முடியும். மார்ச் 24 அன்று வடக்கே, பிரிட்டிஷ் தளபதி மான்ட்கமரியின் ரைன் கடவையை மறைக்க நாள்கணக்கில் இடப்பட்ட புகையும் குண்டுவீச்சின் புழுதியும் சேர்ந்து, அதே நாளில் இறங்கிய வான்வழிப் படையின் கிளைடர் விமானிகளுக்குத் தரை தெரியாமல் செய்தன. ஆற்றில் வரும் படகுக்குக் காப்பானது வானிலிருந்து இறங்குபவனுக்குக் கண்கட்டானது.

நச்சுநீக்கப் பணியிலும் இதே பிணைப்பைக் காணலாம். நச்சுப்பட்ட வண்டிகளைக் கழுவ வேதிப் பிரிவுக்குப் பெருமளவு நீர் வேண்டும். அதை எடுத்துத் தருவது பொறியாளர் வேலை. கழுவாத வண்டியும் கழுவிய வண்டியும் ஒரே சாலையில் கலக்காமல் பிரித்து அனுப்புவது காவலர் வேலை.

1999-இல் அலபாமாவின் ஃபோர்ட் மெக்லெல்லன் தளம் மூடப்பட்டபோது, அங்கிருந்த இராணுவக் காவல் பள்ளியும் வேதிப் பள்ளியும் மிசௌரியின் ஃபோர்ட் லெனர்ட் வுட்டுக்கு மாற்றப்பட்டு, ஏற்கெனவே அங்கிருந்த பொறியாளர் பள்ளியுடன் ஒரே மையமாயின. இதைச் சிக்கன நடவடிக்கை என்று சொல்வது வழக்கம். தளங்களை மூடும் திட்டத்தின் விளைவு என்பது உண்மைதான். ஆனால் இணைப்புக்கான தருக்கம் டோர்னோவிலும் ஆர்னாவில்லிலும் அரை நூற்றாண்டுக்கு முன்பே கிடந்தது. நிதி நெருக்கடி அதை வெளிக்கொணர்ந்தது, அவ்வளவே.

இன்றைய ட்ரோன்களுக்கு முன் இதெல்லாம் பழங்கதை என்று ஒரு மறுப்பு எழக்கூடும். 2022 மே மாதத்தில் ரஷ்யப் படை சிவெர்ஸ்கி டோனெட்ஸ் ஆற்றை பிலோஹோரிவ்கா அருகே கடக்க முயன்றது. மிதவைப் பாலம் வந்தது, புகையும் இடப்பட்டது. கடவை எங்கே அமையும் என்பதை உக்ரேனியப் பொறியாளர்கள் முன்பே கணித்து, மிதவைகளைத் தள்ளும் படகுகளின் ஓசைக்காகக் காத்திருந்தனர். பாலம் உடைந்தது, கடந்தவை அக்கரையில் சிக்கின, கடக்காதவை இக்கரையில் நெருக்கியடித்துக் குவிந்தன. 70-க்கும் மேற்பட்ட ஊர்திகள் அழிந்ததாக வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு கணித்தனர். புகை ஒளியை மறைத்தது, ஓசையை மறைக்கவில்லை. ட்ரோன்கள் வந்த பின் கரையில் காத்துக் குவியும் வண்டிகளின் ஆபத்து பல மடங்கு கூடியிருக்கிறது. ஆகவே அவற்றைப் பின்னால் பிரித்து நிறுத்தி, முறை வரும்போது மட்டும் அழைக்கும் காவலரின் பணி முன்னெப்போதையும்விட முக்கியமாகியிருக்கிறது.

அமெரிக்கப் போர்முறை விதிகள் இதற்குத் தரும் விடையை ஏற்பதற்கு நான் தயங்கமாட்டேன். ஒவ்வொரு கடவை இடத்துக்கும் ஒரு தளபதியை அவை நியமிக்கின்றன; அவர் வழக்கமாகப் பொறியாளர் பிரிவின் இளநிலை அதிகாரி. தன் பாலத்தின் மேல் எந்த வண்டி ஏறலாம், எது ஏறக்கூடாது என்பது அவரது தீர்ப்பு. டாங்கிப் படையின் கர்னலும் அதற்குக் கட்டுப்பட்டே கரையில் காத்திருக்க வேண்டும்.