மடக்குக் கத்தியும் திருவண்ணாமலை இரும்பும்

பழைய பூட்டு மடக்குக் கத்தி ஒன்று ஒற்றைக் கையால் எவ்வளவு எளிதில் திறக்கிறது என்பது, அதன் அலகைவிடப் பிடியின் முதுகில் மறைந்திருக்கும் வில்லையே பெரிதும் பொறுத்தது. பிடியின் முதுகோடு செல்லும் எஃகுத் தண்டு நடுவில் ஓர் ஆணியில் அசையுமாறு பொருத்தப்பட்டிருக்க, அலகு முழுதும் விரிந்ததும் தண்டின் முன்முனையிலுள்ள பல், அலகின் அடியில் வெட்டப்பட்ட பள்ளத்தில் விழுந்து அதை நிறுத்திவிடும்; தண்டின் பின்பகுதியை அழுத்தினால் பல் விலகி அலகு மடங்கும். முதுகுப் பூட்டு என்பது இதுதான். தண்டை அழுத்திக்கொண்டிருக்கும் வில் விறைப்பாக இருக்கும்வரை, அலகின் பக்கவாட்டில் நகம் நுழைவதற்கென வெட்டிய நகக்குழியைப் பற்றி மறு கையால்தான் இழுத்தாக வேண்டும். பல்லாண்டுப் புழக்கத்தில் ஆணித்துளை தேய்ந்து வில்லும் தளர்ந்தபின், அலகை இரு விரலால் பற்றிப் பிடியைச் சுண்டினாலே அதே கத்தி விரிந்துவிடும். ஆகவே பழைய கத்திகளின் இலகுவை முழுக்க முழுக்க அன்றைய தொழிலாளரின் கைத்திறனாகப் போற்றுவது பொருந்தாது. அதில் தேய்மானத்துக்கும் பங்குண்டு.

தளராத வில்லுக்கு நல்ல எஃகு வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்குக் கத்தி செய்த இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம், மூசை எனப்படும் மண்குகையில் எஃகை உருக்குவதற்கு விலை மிகுந்த சுவீடன் இரும்பையே நம்பியிருந்தது. அந்நிலையை மாற்றியவர், சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலராக இருந்து, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத். மாங்கனீசும் கரியும் கலந்த பொருளை உருக்கில் சிறிதளவு சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் தரமான எஃகு கிடைக்கும் என்பதற்கு 1839இல் அவர் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டில் எஃகின் விலை வெகுவாக இறங்கிற்று. ஆனால் அப்பொருளின் கூறுகளைத் தனித்தனியாக மூசையில் இட்டு உரிமையைச் சுற்றிக்கொண்டு போனவர்களோடு நீண்ட வழக்காடியதே ஹீத்துக்கு மிஞ்சியது.

பரங்கிப்பேட்டை ஆலையின் வழிவந்த கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி 1853இல் உருவானது. அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த திருவண்ணாமலையிலும் அதற்கு உலை இருந்தது. ஊருக்கருகே கவுத்திமலை, வேடியப்பன் மலை ஆகியவற்றில் காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்புத்தாது படிந்திருப்பதை நோக்க, இடத்தேர்வு தவறில்லை. தாது தீரவில்லை, விறகுதான் தீர்ந்தது: உலைகள் மரக்கரியை எரித்தே இயங்கியதால் சுற்றுக்காடுகள் ஈடுகொடுக்க முடியாமற்போக, 1874இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. தீபத்தாலும் கிரிவலத்தாலும் அறியப்படும் ஊரின் வரலாற்றில் இவ்வுலைக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்கப்பட வேண்டும். திருவண்ணாமலை இரும்பு இன்ன கத்தியின் வில்லாயிற்று என்று உரிமை கொண்டாட இடமில்லை. மடக்குக் கத்தியை மலிவாக்கிய எஃகும் இவ்வூர் உலையும் ஒரே மனிதரின் முயற்சியிலிருந்து கிளைத்தவை என்பதே சொல்லத் தக்கது.

எஃகு மலிந்த பின்னும் திறக்கும் முறை மாறவில்லை. 1964இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்டுப் புகழ்பெற்ற 110 என்னும் முதுகுப் பூட்டுக் கத்தியிலும் நகக்குழியே இருந்தது. அலகிலேயே கட்டைவிரலுக்கென வட்டத்துளை இட்டு, ஒற்றைக் கையால் திறப்பதற்கென்றே வடிவமைத்த கத்தியை 1981இல் ஸ்பைடர்கோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.