1991 செப்டம்பர் 24, ஒரு செவ்வாய்க்கிழமை

புது ஆல்பம் என்றால் வெள்ளிக்கிழமைதான் வரும் என்று நமக்கெல்லாம் பழகிவிட்டது. ஆனால் உலகம் முழுக்க வெள்ளி என்று முடிவானது 2015 ஜூலையில்தான். அதற்கு முன்பு அமெரிக்காவில் பல வருடங்களாக செவ்வாய்க்கிழமை. அப்படிப்பட்ட ஒரு செவ்வாயைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு நடந்த சங்கதி. "நாங்க அப்பவே கேசட்ல கேட்டோம்" என்கிற பெரியவர்கள் மன்னிக்கவும் :-)

1991 செப்டம்பர் 24. அன்று அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஆல்பங்களில் நான்கு இவை: நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்', எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் குழுவின் 'த லோ எண்ட் தியரி', ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'ப்ளட் சுகர் செக்ஸ் மேஜிக்', பிக்ஸீஸின் 'ட்ரோம்ப் ல மோண்ட்'. ஒன்று கிரஞ்ச், ஒன்று ஹிப்-ஹாப், ஒன்று ஃபங்க் கலந்த ராக், ஒன்று எந்தப் பெட்டியிலும் அடங்காத ராக். ஒரே நாளில்!

இதில் எனக்கு மிகப் பிடித்தது ட்ரைப். நியூயார்க் பையன்கள். பழைய ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, அடியில் கனமான பேஸ் வைத்து, மேலே பேசுவது மாதிரி ராப். இசைத்தட்டிலிருந்து எடுத்தது போதாதென்று ஒரு பாட்டுக்கு நிஜ ஜாஸ் கலைஞர் ரான் கார்ட்டரையே கூப்பிட்டு பேஸ் வாசிக்க வைத்தார்கள். அறுபதுகளில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசித்தவர். கெட்ட வார்த்தை இருக்கக்கூடாது என்று அவர் நிபந்தனை போட்டதாகச் சொல்வார்கள். அந்த மைல்ஸ் டேவிஸ், இந்த ஆல்பம் வந்த நான்காம் நாள், செப்டம்பர் 28 அன்று இறந்துபோனார். அவரும் கடைசியாகச் செய்துகொண்டிருந்தது ஒரு ஹிப்-ஹாப் ஆல்பம்தான்! 'டூ-பாப்' என்று 1992இல் வெளிவந்தது. தாத்தாவும் பேரன்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து நடந்து வந்து நடுவழியில் சந்தித்த மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் இத்தனை வகை இசையும் திடீரென்று மேலே வந்ததாக எல்லோரும் எழுதுகிறார்கள். இசை திடீரென்று வரவில்லை, எண்ணுகிற முறைதான் திடீரென்று மாறியது என்பது என் கட்சி.

அதுவரை பில்போர்ட் பத்திரிகையின் ஆல்பம் பட்டியல் எப்படித் தயாரானது தெரியுமா? வாராவாரம் கடைகளுக்கு போன் போட்டு "எது நன்றாகப் போகிறது?" என்று கேட்பார்கள். கடைக்காரர் தோன்றியதைச் சொல்வார். ராக் பிடித்த ஆளுக்கு ராக்தான் ஞாபகம் வரும். கன்ட்ரியும் ராப்பும் எவ்வளவு விற்றாலும் அவர் வாயில் வராது. போதாததற்கு கம்பெனிகள் இலவச சரக்கு கொடுத்து "நம்மதைக் கொஞ்சம் மேலே சொல்லுங்க" என்று தாஜா செய்வதும் உண்டு.

1991 மே 25 தேதியிட்ட இதழிலிருந்து இது போயிற்று. சவுண்ட்ஸ்கேன் என்கிற நிறுவனம், கல்லாவில் பார்கோடு ஸ்கேன் ஆகும் ஒவ்வொரு விற்பனையையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தது. சில வாரங்களிலேயே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடம். செப்டம்பர் 10 அன்று வந்த கார்த் ப்ரூக்ஸின் 'ரோப்பின் த விண்ட்' முதல் வாரமே முதலிடம். கன்ட்ரி இசைக்கு அதுவே முதல் முறை. புது முறை வருவதற்கு முன்பு, எந்த வகை இசையானாலும், நேராக முதலிடத்தில் நுழைந்த ஆல்பங்கள் மொத்தமே ஆறு. புது முறை வந்தபின் அந்த 1991இலேயே மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ், யூ2, மைக்கேல் ஜாக்சன் என்று குறைந்தது ஏழு பேர் அப்படி நுழைந்துவிட்டார்கள். அந்த ரசிகர்கள் எல்லாம் மே மாதம் புதிதாகப் பிறந்தவர்களா என்ன?

'நெவர்மைண்ட்' கதையும் இதில் சேர்த்திதான். முதலில் அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பியது சுமார் 46,000 பிரதிகள். பட்டியலில் நுழைந்தது 144ஆம் இடத்தில். பிறகு வாராவாரம் ஏறி, 1992 ஜனவரி 11 பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை இறக்கிவிட்டு முதலிடம். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வாங்கிக் கொடுத்த ஜாக்சன் சிடியைப் பிள்ளைகள் கடையில் கொடுத்து நிர்வாணாவாக மாற்றிக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, கேட்க நன்றாயிருக்கிறது.

இயந்திரம் வந்ததும் நியாயம் வந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆரம்பத்தில் ஸ்கேனர் இருந்தது பெரிய சங்கிலிக் கடைகளில்தான். தெருமுனைச் சின்னக் கடைகளில் விற்றது சரியாகக் கணக்கில் வரவில்லை என்று சிறிய கம்பெனிகள் புலம்பின. அந்தப் புலம்பலில் அர்த்தம் இருந்தது.

அதைவிட என்னை உறுத்துவது அந்த நான்காவது ஆல்பம். மெதுவாக ஆரம்பித்து திடீரென்று கத்துவது, மறுபடி அடங்குவது என்ற பாணி பிக்ஸீஸினுடையது. தன் மிகப் பெரிய பாட்டை பிக்ஸீஸ் மாதிரி செய்யப் பார்த்துத்தான் எழுதினேன் என்று 1994இல் நிர்வாணாவின் கர்ட் கோபேன் பேட்டியில் ஒத்துக்கொண்டார். அதே செவ்வாய்க்கிழமை, அதே கடைகள், அதே ஸ்கேனர். பிக்ஸீஸின் ஆல்பம் எட்டிய உச்சம் 92ஆம் இடம். 1993இல் குழுவே கலைந்துவிட்டது. மறுபடி சேர்ந்து மேடையேற 2004 ஆயிற்று.