'பறஞ்சேன்'னு சொன்னா மலையாளியா?

ஆபீஸ் மீட்டிங் ஒண்ணுல "இதை நான் நேத்தே பறஞ்சேன்"னு வாய்ல வந்துட்டு. டீமே சிரிச்சுது. "நீ மலையாளியா?"ன்னு ஒருத்தன் கேட்டான். எனக்கு விளவங்கோடு பக்கம். அன்னைக்குப் பதில் வரல. இந்த எபிசோடுதான் அந்தப் பதில்.

முதல்ல இங்கிலீஷ். 'ஸே', 'டெல்' ரெண்டையும் நாம 'சொல்லு'ன்னுதான் மாத்துறோம். ஆனா 'ஸே'க்கு வார்த்தை வெளிய வந்தாப் போதும், 'டெல்'லுக்குக் கேட்க ஒரு ஆள் வேணும். பழைய ஆங்கிலத்துல 'டெல்'லுக்கு எண்ணுறதுன்னும் பொருள் உண்டு. பேங்க்ல பணம் எண்ணித் தர்றவர் 'டெல்லர்' ஆனது அப்படித்தான்.

நம்மகிட்டயும் ஒரு ஜோடி இருக்கு: சொல், பறை. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன்லயே 'பறைதல்'னா பேசுதல், சொல்லுதல்னு பொருள் இருக்கு. கொட்டுற பறையும் இதுவும் ஒண்ணான்னு கேட்பீங்க. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி ரெண்டையும் தனித்தனியாத்தான் வைக்குது.

பிறகு என்ன ஆச்சு? தமிழ்ல 'சொல்' அன்றாடப் பேச்சுல நின்னுது, 'பறை' ஒதுங்கிப் போச்சு. மலையாளத்துல நேர் எதிர். அங்க 'பறை'தான் தினசரி வார்த்தை. 'சொல்' கவிதை சொல்றதுலயும், பழமொழிக்கான 'பழஞ்சொல்'லுலயும் ஒட்டிக்கிட்டு இருக்கு. எங்க ஊர்ல ரெண்டுமே உசுரோட இருக்கு. வீட்டுல பறைவோம், ஸ்கூல்ல சொல்லுவோம்.

இதுல சிரிக்க என்ன இருக்குன்னு நான் கேட்கிறதுக்கு வரலாறும் ஒரு காரணம். திருவிதாங்கூர்த் தமிழர்கள், நேசமணி தலைமையில தமிழ்நாட்டோட சேரணும்னு போராடினாங்க. 1954 ஆகஸ்ட் 11-ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டுச்சு, உயிர்கள் போச்சு. 1955-ல பசல் அலி கமிஷன் பரிந்துரைச்சுது. 1956 நவம்பர் 1-ல அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, இந்த நாலு தாலுகாவும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆச்சு. நெய்யாற்றின்கரை கேரளாவுலயே நின்னுட்டு.

எல்லைக்கோடு களியக்காவிளையில விழுந்துது. வார்த்தைக்கு அந்தக் கோடு தெரியாது. தமிழர்னு சொல்லிக் குண்டடி பட்டவங்க ஊர்ப் பிள்ளையை, ஒரு பழைய தமிழ் வார்த்தைக்காக 'மலையாளியா'ன்னு கேட்டா வலிக்கத்தான் செய்யும். மலையாளியா இருக்கிறது ஒண்ணும் குறை இல்ல. ஆனா அந்த வார்த்தை நம்மளுதும்தான்.

உங்க வீட்டுல மட்டும் புழங்குற வார்த்தை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. வெட்கப்படாம பறையுங்க மக்கா.