பால் கூடினதா, உயரம் கூடினதா?

அக்காவின்ர மகனுக்கு ஐந்து வயசு. போன கிழமை பிறம்ரனில அவையின்ர குசினி மேசையில, ஒரே மாதிரி ரெண்டு கிளாசில பால் ஊத்தி வைச்சன். "சமன்" எண்டான். ஒண்டை ஒடுக்கமான உயரக் கிளாசுக்கு மாத்தினன். "இதுக்குள்ளதான் கூட." திருப்பி ஊத்தினன். "சமன்." பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "சித்தி, நீங்கள் ஏதோ சுத்துறீங்கள்" எண்டான் :-)

அக்கா சிரிக்கேல்ல. பெடியன் மறுமொழி சொல்லப் பிந்துறான், வீட்டில ஆங்கிலம் கதையுங்கோ எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லியிருந்தவை. "இவனுக்கு விளங்கிற சக்தி குறைவோ? தமிழை விட்டிடுவமோ?" எண்டு கேட்டா. நான் படிக்கிற பாடம்தான், ஆனாலும் எனக்கு உடன மறுமொழி வரேல்ல. அதைத்தான் இஞ்ச எழுதிப் பார்க்கிறன்.

இயங்கியல் எண்ட சொல்லை எங்களில கனபேர் மொஸ்கோவில அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களிலதான் முதலில கண்டிருப்பம். ஹெகல், மார்க்ஸ், முரண்பாடுதான் வளர்ச்சியை உந்துது எண்ட கதை. அந்தச் சொல் குழந்தை உளவியலுக்குள்ள வந்ததுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1896 இல் ரெண்டு பேர் பிறந்தார்கள். சுவிற்சர்லாந்தில் பியாஜே, ரஷ்யப் பேரரசில் வைகோட்ஸ்கி. பிள்ளையின் எண்ணம் உலகத்தோட முட்டுப்படேக்க சமநிலை குலையுது, பிள்ளை புதுச் சமநிலையைத் தேடுது, அப்படித்தான் அறிவு வளருது எண்டார் பியாஜே. வைகோட்ஸ்கி மார்க்சை வாசிச்சவர். பிள்ளையைச் சுத்தியிருக்கிற மனிசரையும் அவையின்ர மொழியையும் விட்டிட்டு இதை விளங்க ஏலாது எண்டார். 1934 இல், 37 வயதில், காசநோயால் இறந்துபோனார். அதே ஆண்டு வெளிவந்த 'சிந்தனையும் மொழியும்' நூலில் பியாஜே மீது அவர் வைச்ச விமர்சனம் இருந்தது. அது 1962 இல் ஆங்கிலத்தில் வந்தபோதுதான் பியாஜே பதில் எழுதினார். 28 வருசம் பிந்தின மறுமொழி!

1973 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த க்ளவுஸ் றீகல் இன்னொரு கேள்வி போட்டார். பியாஜேயின் நாலு படிகளும் முரணைத் தீர்க்கிறதிலதான் முடியுது, ஆனால் முதிர்ந்த மனிசர் முரணோடயே வாழப் பழகினவை இல்லையோ? கடைசிப் படி இயங்கியல் சிந்தனைதான் எண்டார்.

எல்லாம் சரி, ஒரு படியில இருந்து அடுத்த படிக்குப் பிள்ளை எப்படி ஏறுது? பியாஜேயின் 'சமநிலை' அதுக்குத் தெளிவா மறுமொழி சொல்லேல்ல. ஒரு மறுமொழி ரொறன்ரோவில இருந்து வந்தது. ஜெனீவாவில பியாஜேயிடம் படிச்ச ஸ்பானியர் ஹுவான் பஸ்குவல்-லியோன், யோர்க் பல்கலைக்கழகத்தில் இருந்து 1970 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிள்ளை ஒரே நேரத்தில மனசில பிடிச்சு வைச்சிருக்கக்கூடிய விசயங்களின் எண்ணிக்கை வயசோட கூடுது: 3-4 வயசில ஒண்டு, 5-6 இல் ரெண்டு, 7-8 இல் மூண்டு. இப்படி ரெண்டு வருசத்துக்கு ஒண்டாக, 15-16 இல் ஏழு.

அவர் அதை அளந்த விதம்தான் எனக்குப் பிடிச்சது. நிறம், வடிவம் எண்டு ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒவ்வொரு அசைவை எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில வடிவாப் பழக்கினார். அதுக்குப் பிறகுதான் பல அடையாளங்களை ஒண்டாச் சேர்த்துக் காட்டினார். அதாவது, பழகினது வேற, கொள்ளளவு வேற. பழக வாய்ப்புக் குடுக்காமல் கொள்ளளவை அளக்க ஏலாது.

பால் கிளாசுக்கு வருவம். பெடியனுக்குள்ள ரெண்டு அறிவு சண்டை பிடிக்குது. கண் 'உயரம், அதால கூட' எண்டு இழுக்குது. 'ஒண்டும் சேர்க்கேல்லையே' எண்ட மற்றது இன்னும் வெல்லப் பலமில்லை. "நீங்கள் ஏதோ சுத்துறீங்கள்" எண்டு அவன் சொன்னது அந்தச் சண்டை அவனுக்கே தெரியத் தொடங்கினதாலதான் எண்டு நினைக்கிறன்.

ரொறன்ரோவில றொபி கேஸ் (1944-2000) இந்த யோசனையை வகுப்பறைக்குக் கொண்டுபோனார். ஷரோன் கிரிஃபினோட சேர்ந்து, எண் அறிவில பின்தங்கியிருந்த வறிய குடும்பத்துச் சிறுபிள்ளைகளுக்கு விளையாட்டுகளாலேயே எண்வரிசையைப் பழக்கினார். அந்தப் பிள்ளைகள் நல்லா முன்னேறிச்சினம். குறைஞ்சிருந்தது பழக்கம், சக்தி இல்லை.

இந்தக் கோட்பாடு ரெண்டு மொழி வீடுகளுக்கெண்டு எழுதினது இல்லை. அதால அக்காவுக்கு நான் தீர்ப்புச் சொல்லேல்ல. "ஆங்கிலத்தில பிந்துறதை வைச்சு விளங்கிற சக்தியை அளக்க ஏலாது. ஆங்கிலம் பழகட்டும், ஆனா அம்மம்மாவோட கதைக்கிறதை நிப்பாட்டாதேங்கோ" எண்டன். அக்கா ஒண்டும் சொல்லேல்ல. அவன் ரெண்டு கிளாசையும் குடிச்சு முடிச்சிட்டான், உயரமானதைத்தான் முதலில.

உங்கட வீட்டுப் பிள்ளையளோடயும் ஒருக்கா ஊத்திப் பாருங்கோ. என்ன சொல்லிச்சினம் எண்டு வந்து சொல்லுங்கோ.